பதினாறு எண்களில் ஒரு திசை

கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் கோகிலவாணி ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தாள். "எங்கேயும் போகலீங்க. வேற பக்கம் திரும்பிக்குது."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. திருப்பூருக்குக் கிழக்கே வெள்ளாங்காடு என்ற ஊரில், வறண்டு கிடந்த ஒரு பழைய கிணற்றுக்குள் அவளும் சக ஆய்வாளன் பூபதியும் நிறுவிய இயந்திரம், சுற்றுவட்டாரச் சாயப்பட்டறைகளின் கடைசிக் கழிவை ஏறத்தாழ ஒரு வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தது. நிறத்தை எடுத்து, வடிகட்டி, இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற நிலையில் மிஞ்சுகிற தண்ணீர் அது. பார்த்தால் நல்ல தண்ணீர் போலவே தெளிவாக இருக்கும். உள்ளே உப்பும் ரசாயனமும் கரைந்திருக்கும். முன்பெல்லாம் அதை மழை நாளாகப் பார்த்து ஆற்றில் திறந்துவிடுவார்கள். இப்போது குழாய் வழியே கிணற்றுக்கு வந்தது, கிணற்றிலேயே காணாமல் போனது. நொய்யலில் மீன் வந்திருந்தது. ஆற்றோரத்துப் பெண்கள் துவைத்த துணியைக் கரையிலேயே காயப்போட்டார்கள்.

அனுமதி கேட்டு நதி மீட்பு ஆணையத்தின் முன்பு போய் நின்ற நாளில், தலைவர் வசுமதி இருவரையும் உட்காரவைத்து, "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. புரியாததுல கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

"கிழக்குன்னா ஒரு அம்புக்குறி போட்டுக் காட்டிடலாம், மேடம்" என்றாள் கோகிலா. "மேலே, கீழேன்னாலும் அப்படித்தான். நேரத்தையும் ஒரு திசையா வெச்சுக்கிட்டா மொத்தம் நாலு. ஆனா அம்புக்குறி போட முடியாத திசைகளும் இருக்கு. அதை எழுத ஒரு எண் பத்தாது. நாலு வரிசை, வரிசைக்கு நாலு, மொத்தம் பதினாறு எண். அதைத்தான் மேட்ரிக்ஸ்ங்கறோம். எது எதுவா திரும்பணும்னு சொல்ற அட்டவணை. தண்ணியை அந்த மாதிரி ரெண்டு தடவை திருப்பினா நம்ம பக்கத்துலருந்து விலகிடும்."

"ஒரு தடவை போதாதா?"

பூபதி மேசையிலிருந்த கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டான். "இதைப் பாருங்க மேடம். முதல்ல முன்பக்கமாச் சாய்க்கறேன். அப்புறம் வலப்பக்கமாத் திருப்பறேன். எப்படி நிக்குதுன்னு ஞாபகம் வெச்சுக்குங்க. இப்ப மறுபடி முதல்லருந்து. முதல்ல வலப்பக்கம், அப்புறம் முன்பக்கம்." கோப்பு இம்முறை வேறு விதமாக நின்றது. "அதே ரெண்டு திருப்பம்தான். முறை மாறினா முடிவு மாறிடுது. ரெண்டு முடிவுக்கும் நடுவுல ஒரு மிச்சம் விழும். எங்க மெஷின்ல அந்த மிச்சம் நேரத்துப் பக்கம் கசியப் பாக்கும்."

"கசிஞ்சா?"

"கசியாது" என்றாள் கோகிலா. "ரெண்டு கம்பிச் சுருள் இருக்கு. ஒரு தடவை இது முதல்ல, அடுத்த தடவை அது முதல்லன்னு மாத்தி மாத்தி ஓட்டறோம். ஒண்ணு முன்னால தள்ளினா இன்னொண்ணு பின்னால இழுக்கும். மிச்சம் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சிடும்."

வசுமதி கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கிணறு கோகிலாவின் அப்பா அர்த்தனாரியுடையது. அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது அதில் தண்ணீர் கெட்டது. முதலில் தென்னை மட்டைகள் பழுத்துத் தொங்கின. பிறகு எருமை கன்று போட்டு, கன்று எழுந்து நிற்கவில்லை. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, கொஞ்சம் கரித்தது, அவ்வளவுதான். கோகிலாவை உடுமலையில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் அம்மா ருக்மணிக்கு இரண்டு சிறுநீரகமும் போய், கோவை ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

பக்கத்துத் தோட்டத்தில் சாயப்பட்டறை வைத்திருந்தவர் சின்னராசு. அர்த்தனாரி அவர் மேல் வழக்குப் போட்டார். ராத்திரியில் குழாய் போட்டுக் கிணற்றுக்குள் கழிவை விட்டார் என்று சொன்னார். தீர்ப்பு அர்த்தனாரிக்குச் சாதகமாக வந்தது. பட்டறை மூடப்பட்டது. சின்னராசு ஈரோட்டில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாக இருந்து, "ஒரு சொட்டு விடலே" என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிச் சொல்லியே செத்தார்.

பூபதி அந்தச் சின்னராசுவின் மகன்.

கோகிலாவுக்கு அது முதல் நாளே தெரியும். ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தபோது அவன்தான் தயங்கித் தயங்கி வந்து சொன்னான். "உங்கப்பா செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவே, பூபதி? அதையெல்லாம் நான் மனசுல வெச்சுக்கலே" என்றாள் அவள். மனதாரத்தான் சொன்னாள். பிறகும் பல தடவை சொன்னாள். நண்பர்களிடம் அவனை அறிமுகம் செய்யும்போதுகூடப் பெருமையாகச் சொல்லுவாள், "எங்க ரெண்டு குடும்பத்துக்கும் ஆகாது. நாங்க அதைத் தாண்டி வந்துட்டோம்" என்று. பூபதி ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டு நிற்பான்.

இயந்திரத்துக்கு ஆழமான, வட்டமான ஒரு குழி வேண்டியிருந்தது. "புதுசா எதுக்குத் தோண்டணும்? உங்க கெணறு சும்மாத்தானே கெடக்குது" என்று சொன்னது பூபதிதான். கோகிலாவுக்கு அன்று கண் கலங்கியது. அம்மாவைக் கொன்ற கிணற்றிலேயே, இனி எந்தக் கிணறும் கெடாமலிருக்க வழி செய்வது அவளுக்குப் பெரிய காரியமாகத் தோன்றியது. நிறுவும் நாட்களில் அர்த்தனாரிக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கோகிலா ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஓட்டிப் பார்த்த சோதனைகள் முழுவதையும் பூபதியே செய்தான். "நெனச்சதைவிட நல்லா ஓடுது" என்று போனில் சொன்னான். அவள் அவனை நம்பினாள். அதன் பிறகும் கிணற்றடிக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. கணக்கு, அறிக்கை, ஆணையம் என்று நகரத்திலேயே இருந்துகொண்டாள்.

ஆணையம் இன்னும் பல இடங்களில் இதே இயந்திரத்தை வைக்க விரும்பியது. அதற்கான அறிக்கையை அவள் நேரில் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று பூபதி சொன்னான். "ஒரு நாள் போய்க் கெணத்துக்கிட்ட உக்காரு. உன் மெஷினை நீயே பாக்காம எப்படி எழுதுவே?"

அவள் போனாள். காலை வெயிலில் கைப்பிடிச் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே இரண்டு சுருள்களும் மாறி மாறி முனகின. ஒன்று தடித்த குரல், மற்றது மெலிந்த குரல். தண்ணீர் நிரம்பும், மெலிந்தது முனகும், தடித்தது முனகும், தண்ணீர் இருக்காது. மறுபடி நிரம்பும். மெலிந்தது, தடித்தது.

அடுத்த முறை தடித்தது முதலில் வர வேண்டும். வரவில்லை. மெலிந்ததுதான் வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே.

காது ஏமாற்றுகிறதோ என்று வெகுநேரம் கேட்டாள். பிறகு எழுந்து கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். முறை மாறவே இல்லை. மெலிந்த சுருள்தான் எப்போதும் முதலில். மிச்சம் கழியவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் என்று பார்க்க அவளுக்குத் தாள்கூட வேண்டியிருக்கவில்லை. பதினாறு எண்களையும் எழுதியவள் அவள். நேரத்தின் இடத்தில் இருந்த எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி விழுந்தது. சுருளில் ஓடும் மின்சாரத்தைப் பார்த்து எவ்வளவு தூரம் பின்னால் என்று கணக்குப் போட்டாள். முப்பத்தோரு வருடம் வந்தது. அவளுக்கு இப்போது வயது முப்பத்தொன்பது.

தண்ணீர் இந்த இடத்தை விட்டு நகரவில்லை. இதே கிணற்றில், அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் பூபதியின் அலுவலக அறையில் அவள் நின்றுகொண்டே கேட்டாள். "எப்பலருந்து தெரியும்?"

அவன் மறைக்கப் பார்க்கவில்லை. எழுந்து கதவை மட்டும் சாத்தினான்.

"லேப்லயே தெரியும். சின்ன மாடல் வெச்சு நான் ஓட்டினேனில்ல? ஜாடியில செவப்புச் சாயத்தை ஊத்தறதுக்கு முந்தின நாளே ஜாடி செவப்பா இருந்துச்சு. யாரோ கழுவாம வெச்சுட்டாங்கன்னு திட்டினேன். அப்புறந்தான் புரிஞ்சுது."

"மாத்தி மாத்தி ஓட்டினா?"

"தண்ணி எங்கயும் போகலே. அப்படியே திரும்பி வந்து நின்னுச்சு. உன் கணக்கு தாள்ல சரி, கோகிலா. தண்ணிக்கு அது தெரியலே. ஒண்ணு முன்னால போகும், இல்லே பின்னால போகும். வேற வழியே இல்லே."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிறுத்தியிருப்பே."

"நிறுத்தியிருப்பேன்" என்றாள். "எங்கம்மா அந்தத் தண்ணியத்தான் குடிச்சாங்க, பூபதி."

"தெரியும்."

"தெரிஞ்சுதானா இந்தக் கெணத்தைக் காட்டினே?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "முன்னால அனுப்பினா, இனிமே பொறக்கப் போற யாரோ ஒருத்தர் தலையில விழும். பின்னால அனுப்பினா எங்க விழுந்துச்சுன்னு ஏற்கனவே ஊருக்கே தெரியும். ஒரே ஒரு கெணறு. எங்கருந்து வந்துச்சுன்னு யாராலயும் காட்ட முடியாத தண்ணி. எங்கப்பாகிட்ட இல்லாத குழாய். நான் அனுப்பினாலும் அனுப்பாட்டியும் அது வந்தாச்சு, கோகிலா. உங்கம்மா போயாச்சு. அதை நான் மாத்த முடியாது."

"மாத்த முடியாட்டிப் போகுது. உன் கையால எதுக்கு அனுப்பினே?"

அவன் திரும்பினான். குரலில் கோபம் இருந்தது. "'உங்கப்பா செஞ்சதை மன்னிச்சுட்டேன், மன்னிச்சுட்டேன்'னு எத்தனை வருசம் எங்கிட்டச் சொன்னே? ஒரு நாளாவது, ஒருவேளை அவர் செய்யலையோன்னு கேட்டியா?"

கோகிலா வெளியே வந்தாள். வராந்தாவில் இரண்டு மாணவர்கள் வணக்கம் சொன்னார்கள். பதில் சொன்னாளா என்று அவளுக்கு நினைவில்லை.

அன்றே ஆணையத்துக்குப் போனாள். வசுமதி முழுவதையும் கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்றது உண்மைன்னே வெச்சுக்குவோம். பாதிக்கப்பட்டது யாரு? உங்கப்பா. அவரு முப்பது வருசம் முன்னாடியே கோர்ட்டுக்குப் போயி, குத்தவாளி இன்னார்னு தீர்ப்பு வாங்கிட்டாரு. அந்தத் தீர்ப்பு இருக்கறவரைக்கும் இந்த மெஷினால யாருக்கும் பாதிப்பில்லே. நான் எதை வெச்சு நிறுத்தறது?"

"மேடம், நான்தானே அதைச் செஞ்சவ. நானே சொல்றேன்."

"நீங்க விஞ்ஞானி. உங்களுக்கு எதிரா இன்னொரு விஞ்ஞானி பேசுவாரு. ஆத்தோரத்துல நாப்பது ஊரு இருக்கு, கோகிலவாணி. அவங்க நல்ல தண்ணியைப் பாத்து ஒரு வருசந்தான் ஆகுது." சற்று யோசித்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார். "பின்னால அனுப்பறது மனசுக்குக் கஷ்டமா இருந்தா, முன்னால அனுப்புங்களேன். புது நிலையங்களை அப்படியே வெச்சுக்கலாம். முப்பது வருசம் இருக்கில்ல, அதுக்குள்ள ஏதாவது வழி வந்துடும்."

"அவங்க வந்து புகார் கொடுத்தா?"

"அப்ப நான் இருக்க மாட்டேன்" என்றார் வசுமதி. அவர் சிரிக்கவில்லை.

கோகிலா வீட்டுக்கு வந்தபோது அர்த்தனாரி சமையலறை மேடையருகே ஸ்டூலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் அவளோடுதான் அடுக்ககத்தில் இருந்தார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னாள். கணக்கைச் சொல்லவில்லை. "நம்ம கெணத்துக்கு வந்த தண்ணி சின்னராசு பட்டறையிலருந்து வரலீங்கப்பா. எங்க மெஷின்லருந்து வந்துது. நான் செஞ்ச மெஷின்ல இருந்து" என்று மட்டும் சொன்னாள்.

அவர் நம்ப மாட்டார், சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்துக் கிண்ணத்தில் போட்டார்.

"அதுதான் அந்தரத்துலருந்து கொட்டுச்சா?" என்றார்.

கோகிலாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"மோட்டார் போடப் போனனா, பாத்தேன். நடுக்கெணத்துல, ஒரு ஆள் ஒசரத்துக்கு மேல, ஒண்ணுமில்லாத எடத்துலருந்து தண்ணி கொட்டுது. கொட்டும், நிக்கும், கொட்டும். கொழாயுமில்லே, ஒண்ணுமில்லே. ரெண்டு நாளு காச்சல்ல படுத்தேன்."

"எப்பங்கப்பா?"

"தென்னை பழுக்கறதுக்கு முன்னாலயே."

"அப்பறம் ஏன் சின்னராசு மேல கேஸ் போட்டீங்க?"

"வேற யாரு மேல போடறது அம்மிணி?" அவர் உண்மையாகவே கேட்டார். "தோட்டம் போச்சு. அந்தரத்து மேல கேஸ் போட முடியுமா? சொன்னா எவன் நம்புவான்? பேய்க் கெணறும்பான், காட்டைப் பாதி வெலைக்குக் கேப்பான். சின்னராசு பக்கத்துல இருந்தான். அவனும் யோக்கியனில்லே, மழைக்காலத்துல ஆத்துல வுட்டவன்தான். இங்க வுடாட்டி என்ன, அங்க வுட்டானில்ல?"

"அவர் செய்யலைன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

ஒரே நாளில் இரண்டாவது ஆளிடமிருந்து அவள் அந்தச் சொல்லைக் கேட்டாள். அவள் கணிதம் படித்தது, தண்ணீரைப் பற்றி யோசித்தது, பூபதியை மன்னித்தது எல்லாமே இந்த மனிதர் சாட்சிக் கூண்டில் சொன்ன ஒரு பொய்யின் மேல் நின்றது. அவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்து அடுப்பை அணைத்தாள். பால் பொங்கி வழிந்திருந்தது.

"கருத்துக் கேட்புக் கூட்டம் வருதுங்கப்பா. புது மெஷினெல்லாம் வைக்கறதுக்கு. இந்தத் தடவை முன்னால அனுப்பப் போறாங்க. இன்னும் பொறக்காத கொழந்தைங்க கெணத்துக்கு. நீங்க வந்து சொன்னா நிக்கும். வேற யாரு சொன்னாலும் நிக்காது."

"இத்தனை வருசம் கழிச்சா? ஊர் காறித் துப்பும்."

"துப்பட்டும்."

அவர் மறுபடி கத்தியை எடுத்தார். "நம்ம கெணறு செத்தது செத்ததுதான். ஆறாவது பொழைக்கட்டுமே" என்றார். அதன் பிறகு பல நாட்கள் இருவரும் சாப்பாட்டுக்கு அழைப்பதைத் தவிர வேறு பேச்சில்லாமல் இருந்தார்கள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் வசுமதியும் அதிகாரிகளும். கீழே பட்டறை முதலாளிகள், விவசாயிகள், ஆற்றோரத்து ஊர்க்காரர்கள். முன்வரிசையில் பூபதியும் அவன் அம்மா சரசாளும் உட்கார்ந்திருந்தார்கள். கோகிலா எழுந்து பேசத் தொடங்கியபோதே கூச்சல் எழுந்தது. "இப்பத்தான் ஆறு பொழச்சுது, உங்களுக்குப் பொறுக்கலையா?" என்று ஒரு பெண் கேட்டாள். "என்ற புள்ளைக்கு இந்த வருசந்தான் ஒடம்புல சொறி இல்லே. நிறுத்தோணும்னு வந்து நிக்கறீங்களே" என்றாள். அந்தப் பெண் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து அர்த்தனாரி வந்தார். அவளுக்குச் சொல்லாமல் தனியாகப் பேருந்தில் வந்திருந்தார். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"என்ற பேரு அர்த்தனாரிங்க. அந்தக் கெணறு என்றதுதானுங்க. நான் கோர்ட்டுல சொன்னது பொய்யிங்க. சின்னராசு பட்டறைத் தண்ணி என்ற கெணத்துக்கு வரலீங்க. இந்த மெஷின் தண்ணிதான் வந்துச்சு. நடுக்கெணத்துல அந்தரத்துலருந்து கொட்டினதை என்ற கண்ணால பாத்தேன். பாத்துட்டுத்தான் அவன் மேல பழியைப் போட்டேன். அதைக் குடிச்சுத்தான் என்ற ஊட்டுக்காரி செத்தா. இதை இன்னொருத்தர் பிள்ளைக தலையில கொண்டுபோய் ஊத்தாதீங்க. அவ்வளவுதானுங்க."

சரசாள் எழுந்து நின்றாள். திட்டுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். "இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள் அவள். "என்ற ஊட்டுக்காரர் பேரைச் சொல்லி, இன்னொருக்கா சொல்லுங்க."

அர்த்தனாரி சொன்னார். சரசாள் முழுவதையும் நின்றுகொண்டே கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வழக்கில் ஜெயித்தவரே பொய் என்று சொன்ன பிறகு வசுமதிக்கு வேறு வழியிருக்கவில்லை. புது நிலையங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. வெள்ளாங்காட்டு இயந்திரத்தை வடிவமைத்தவரே அணைக்க வேண்டும் என்று உத்தரவானது.

மண்டபத்து வாசலில் பூபதி அவளிடம் வந்தான். கைகட்டி நின்றான். "வக்கீல் கிட்டப் பேசிட்டேன். தீர்ப்பை மறுபடி எடுப்பாங்க. அப்பா பேரு சுத்தமாயிடும்."

"நல்லது" என்றாள்.

"உங்கப்பாவை நானும் ரெண்டு தடவை போய்ப் பாத்திருக்கேன். உனக்குத் தெரியாது. எங்கம்மா அவர் கால்ல விழாத குறையாக் கேட்டாங்க. அவர் வாயைத் திறக்கலே. நீ கேட்டாத்தான் சொல்லுவார்னு தெரியும். நீயா கண்டுபுடிச்சுக் கேக்கணும். நான் சொன்னா நீ எங்கூடச் சண்டை போட்டிருப்பே, அவர்கிட்டப் போயிருக்க மாட்டே."

கோகிலா அவன் முகத்தையே பார்த்தாள். கிணற்றைக் காட்டியது, சுருள்களை மாற்றி மாற்றி ஓட்டாமல் விட்டது, அவளைக் கிணற்றடியில் உட்காரச் சொன்னது எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றன. அவள் கண்டுபிடித்தது என்று நினைத்ததையும் அவன்தான் அவளுக்காக எடுத்துவைத்திருந்தான்.

"பன்னெண்டு வருசம் கூட இருந்திருக்கோம், பூபதி" என்றாள்.

"ஆமா" என்றான் அவன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

இயந்திரத்தை அணைக்கும் நாளில் அர்த்தனாரியும் வருவேன் என்றார். காலையிலேயே போனார்கள். ஆணையத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து ஓரமாக நின்றிருந்தார். பட்டறைக் குழாய்கள் மூடப்பட்டிருந்தன. மிச்சத் தண்ணீர் மட்டும் கிணற்றில் நிரம்பிக்கொண்டிருந்தது. மெலிந்த சுருள் முனகியது, பிறகு தடித்தது.

கோகிலா விசையருகே நின்றாள். ஒரு எச்சரிக்கை அனுப்ப முடியுமா என்று அவள் யோசிக்காத நாள் இல்லை. ஒரு தகடு, ஒரு கல், ஏதாவது. அந்தச் சுருள்கள் தண்ணீரைத் தவிர வேறெதையும் பிடிக்காது. அதை வடிவமைத்தவளும் அவள்தான். இந்தப் பக்கம் விசையை இறக்கினால், அந்தப் பக்கம், அம்மா உயிரோடு இருக்கிற ஒரு காலையில், கொட்டுவது நிற்கும். அவளால் அனுப்ப முடிந்தது அவ்வளவுதான்.

விசையை இறக்கினாள். முனகல் தேய்ந்து அடங்கியது. கிணற்றில் நின்ற தண்ணீர் போகாமல் அப்படியே நின்றது.

அர்த்தனாரி கிணற்று மேடையேறிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இப்படித்தான் நின்னுச்சு" என்றார். "அன்னிக்கு மட்டும் உங்கம்மாளும் எங்கூட வந்திருந்தா. கொட்டறதைப் பாத்துட்டு மெரண்டுபோனா. அவ பாத்துட்டிருக்கறப்பவே நின்னுருச்சு. 'நின்னுருச்சுங்க மாமா, இனி நல்லாயிடும்'னா. ஒரு சொம்பு மோந்தா. எம் மூஞ்சியப் பாத்தா. குடிக்கலாங்களான்னு கேக்கற மாதிரி."

கோகிலா அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலே."

"ஏங்கப்பா?"

அவர் தண்ணீரைப் பார்த்தே சொன்னார். "ஊட்டுல குடிக்கப் பொழங்கற தண்ணின்னாத்தான் கேஸ் நிக்கும்னு வக்கீல் சொல்லியிருந்தாரு, கண்ணு."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் வண்டியை நோக்கி நடந்தார். அர்த்தனாரி திரும்பினார். படி இறங்க அவருக்குப் பிடிமானம் வேண்டும். வழக்கம்போல மகளை நோக்கிக் கையை நீட்டினார்.

கோகிலா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.